செஸ்ல ரேட்டிங் கம்மியான ஆளு ஜெயிச்சா அது லக்கா?

நவம்பர் 3, இரவு 9.50

ஒருத்தர் கேட்டிருந்தது, அப்படியே போடறேன்: "400 பாயின்ட் வித்தியாசம்னா சின்னவன் ஜெயிக்க 8 சதவீதம்தான் சான்ஸ். அதுவும் பெரியவன் பிளண்டர் பண்ணாதான். அப்பறம் எதுக்கு அப்செட் அப்செட்னு இவ்ளோ கைதட்டல்? லக்குன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

எனக்கு இதுல சம்மதம் இல்ல. பெரிய ரேட்டிங்காரனுக்கு டிரா பிடிக்காது. பாதி அப்செட் (சின்னவன் பெரியவனைக் கவுக்கறது) அங்கதான் பொறக்குது. விவரமா அப்பறம் எழுதறேன்.

நவம்பர் 3, இரவு 11.15

முதல்ல அந்த 8 சதவீதத்தைப் பார்ப்போம், எல்லாரும் இதுலதான் வழுக்கி விழறாங்க. ஃபிடே (உலக செஸ் அமைப்பு) டேபிள்ல 400 வித்தியாசத்துக்கு .92, .08-னு இருக்கறது ஜெயிக்கற சான்ஸ் கிடையாது, எதிர்பார்க்கற ஸ்கோர். டிராவுக்கு அரை பாயின்ட் இருக்குல்ல, அதையும் சேர்த்துதான் அந்த .08. நூறு ஆட்டத்துல 8 ஜெயிச்சு 92 தோத்தாலும் .08, ஒண்ணுகூட ஜெயிக்காம 16 டிரா பண்ணி 84 தோத்தாலும் அதே .08. நிஜம் ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ கிடக்கும். ஆக ஜெயிக்கற சான்ஸ் 8-ஐ விடவும் கம்மி. பாருங்க, உங்க கட்சிக்கு நானே பாயின்ட் எடுத்துக் குடுத்துட்டேன், வச்சுக்கங்க.

இப்ப அதே நம்பரை பெரியவன் சீட்ல உக்காந்து பாருங்க. கே ஃபேக்டர், அதாவது ஒரு ஆட்டத்துல ரேட்டிங் எவ்ளோ ஏறி இறங்கலாம்னு முடிவு பண்ற எண், 20-னு வைப்போம். ஜெயிச்சா ஏறறது 1.6. டிரா ஆனா இறங்கறது 8.4. தோத்தா 18.4. ஒரு டிராவுல போனதைத் திரும்ப எடுக்க அதே மாதிரி அஞ்சு பேரை வரிசையா ஜெயிச்சாலும் 8 தான் வரும், இன்னும் 0.4 பாக்கி. சின்னவனுக்கு அப்படியே தலைகீழ், தோத்தா 1.6 போகும், டிரா பண்ணா 8.4 வரும், ஜெயிச்சா 18.4.

போர்டு முன்னாடி உக்காந்து யாரும் டெசிமல் கணக்கு போடறதில்ல, ஒத்துக்கறேன். ஆனா "இவன்கிட்டயா டிரா பண்றது"ங்கற எரிச்சல் இருக்கு பாருங்க, அது இந்தக் கணக்கோட வேலைதான். ஒரே டிரா, ஒருத்தனுக்கு பரிசு, இன்னொருத்தனுக்கு அபராதம்.

நவம்பர் 4, காலை 7.05

தியரி பேசிட்டே இருந்தா போதுமா, நீ ஆடியிருக்கியான்னு கேட்டாச்சு. ஆடியிருக்கேன். ஒரு ஓபன் டோர்னமென்ட், 90 நிமிஷம், மூவுக்கு 30 செகண்ட் இன்க்ரிமென்ட். நான் 1536, எதிர்ல 1936. கரெக்டா 400, அதனாலதான் மேல அந்த கணக்கு எனக்கு மனப்பாடம். முதல் ரவுண்டு. ஸ்விஸ் பேரிங்ல முதல் ரவுண்டுன்னா லிஸ்டை நடுவுல வெட்டி மேல்பாதி முதல் ஆளு கீழ்பாதி முதல் ஆளோடன்னு ஆட விடுவாங்க, அதனால முதல் நாள் ஹால் பூராவும் இப்படிப்பட்ட ஜோடிதான் உக்காந்திருக்கும்.

நான் கறுப்பு, காரோ கான்ங்கற ஓபனிங் ஆடினேன். சொல்றதுக்கு ஒண்ணுமில்லாத ஆட்டம், குயின் போச்சு, பிஷப் போச்சு, நைட் போச்சு, கடைசில ஆளுக்கொரு ரூக் (யானை), ஆளுக்கு மூணு பான் (சிப்பாய்), எல்லாம் ராஜா பக்கத்துலயே. இதை விட டிரா எண்ட்கேம் கிடையாது. அவர் ரூக்கால செக் வச்சார், நான் ராஜாவை ஜி7-க்கு நகத்தினேன், திரும்ப செக், நான் ஜி6, திரும்ப செக், நான் ஜி7. அதே பொசிஷன் ரெண்டாவது தடவை வந்தாச்சு, இன்னொரு சுத்து சுத்தினா மூணு, டிரான்னு முடிஞ்சுது. அங்க நிறுத்தி யோசிச்சார். போர்டைப் பார்த்து யோசிக்கல, பக்கத்து டேபிளைப் பார்த்து, அந்தப் பக்க டேபிளைப் பார்த்து, அங்கெல்லாம் அவர் ரேட்டிங் ஆளுங்க ஏற்கனவே ஜெயிச்சு ஷீட்ல கையெழுத்து போட்டுட்டு எழுந்து போயாச்சு. அப்பறம் ராஜாவை எடுத்து நடுவுக்கு நடத்த ஆரம்பிச்சார். ராஜா போனதும் வீட்ல இருந்த பானுக்குக் காவல் இல்ல, என் ரூக் ரெண்டாவது ரேங்க்ல இறங்கி ஒண்ணை எடுத்துக்கிச்சு.

அப்பவும் டிராதான் சார். ரூக் எண்ட்கேம்ல ஒரே பக்கம் மூணுக்கு ரெண்டுன்னா ஒழுங்கா காத்தா பொதுவா டிரா. ஆனா காக்கறதுக்கு உக்காரணும்ல. ஜெயிக்க வந்த மனுஷனுக்கு உடனே காக்கற மூட் வராது. அதுக்குள்ள கடிகாரத்துல ஒரு நிமிஷத்துக்குக் கீழ, 30 செகண்ட்ல பொழப்பு. ரூக்கை என் ரூக்குக்கு நேரா வச்சு "மாத்திக்கோ"ன்னார். மாத்திக்கிட்டேன். ரூக் இல்லாம மூணுக்கு ரெண்டு பான் எண்ட்கேம்னா கதையே வேற, எண்ணிப் பார்த்தேன், திரும்ப எண்ணிப் பார்த்தேன், ஜெயம். இன்னும் கொஞ்ச நேரம் ஆடிட்டு கை குடுத்தார்.

நவம்பர் 4, காலை 7.20

மேல விட்டது ஒண்ணு. அவர் ரொம்ப கண்ணியமா எழுந்து போனார், போர்டைக் கூட திரும்ப அடுக்கி வச்சுட்டுத்தான் போனார். கடுப்பைக் காட்டினது என் பக்கத்து டேபிள் ஆளு, ஜெயிச்ச ஆளு அவர், அவருக்கு என்ன கடுப்புன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

நவம்பர் 4, இரவு 10.30

"அப்ப அவர் தப்பு பண்ணார், நீ ஜெயிக்கல"ன்னு ரெண்டு பேர். ஐயா, யாராவது தப்பு பண்ணாம செஸ்ல எவன் ஜெயிச்சிருக்கான்? ரெண்டு பக்கமும் சரியா ஆடினா டிராலதான் போய் நிக்கும்னு இன்னிக்கு பெரும்பாலானவங்க நம்பறாங்க. 2800 ஜெயிச்சா "அழுத்தம் குடுத்து தப்பு பண்ண வச்சார்"னு எழுதறீங்க, 1536 ஜெயிச்சா "எதிராளி தப்பு பண்ணான்"னு எழுதறீங்க.

அதே சமயம் என் ஆட்டத்தை என்ஜின்ல ஓட்டிப் பார்த்தா நான் ஆடினதுல அபாரம்னு ஒரு மூவ் கிடையாது. ரொம்ப நேரம் 0.00, அதாவது சமம், அந்த ராஜா ஊர்வலத்துக்கு அப்பறம் கொஞ்சம் எனக்கு, ரூக் மாத்தினதும் ஒரேடியா எனக்கு. நான் உருப்படியா செஞ்சதுன்னா கடிகாரத்துல எனக்கு 20 நிமிஷத்துக்கு மேல மிச்சம் வச்சிருந்தேன். இதை முதல் குறிப்புலயே சொல்லியிருக்கணும். ஒண்ணுமே இல்லாத பொசிஷன்ல எதையாவது கிளப்பணும்னா அதுக்கு நேரம் செலவாகும். செலவு பண்றது ஜெயிச்சே ஆகணும்ங்கறவன். சின்னவன் நிதானமா இருந்தா நாலு மணி நேரத்துக்கு அப்பறம் 400 பாயின்ட்ல பாதி கடிகாரத்துல கரைஞ்சிருக்கும்.

நவம்பர் 6, மதியம் 1.40

மேல் மட்டத்துலயும் இது நடக்குமான்னு கேட்டதுக்கு: 2016 நியூயார்க், உலக சாம்பியன்ஷிப், எட்டாவது ஆட்டம். சாம்பியன் கார்ல்சன் 2853, எதிர்த்து ஆடின கர்யாகின் 2772. ஏழு ஆட்டம் வரிசையா டிரா. எட்டாவதுல கார்ல்சன் வெள்ளை, கோலே மாதிரி ஒரு சாதாரண ஓபனிங், எப்படியாவது ஆட்டத்தை உயிரோட வச்சிருக்கணும்னு முறுக்கிட்டே போனார். டிராவா முடிக்க வழி இருந்தும் விடல. 52 மூவ்ல கறுப்பு ஜெயிச்சுது. பிரஸ் மீட்ல உக்காந்துட்டு கர்யாகின் வர்றதுக்கு முன்னாடியே எழுந்து போயிட்டார் சாம்பியன். அப்பறம் பத்தாவது ஆட்டத்துல ஜெயிச்சு, டைபிரேக்ல பட்டத்தையும் காப்பாத்திக்கிட்டார், அது வேற விஷயம். 81 பாயின்ட் வித்தியாசத்துக்கு எதிர்பார்ப்பு .61 தான், அதாவது டிராவால அவருக்கு ரேட்டிங்ல ஒண்ணும் பெருசா போகாது. அங்க அவரை அரிச்சது நம்பர் இல்ல, "நான் இவனை விட மேல"ங்கற நினைப்பு. என் 1936 சாருக்கும் அதேதான்னு இப்ப தோணுது. கே ஃபேக்டரை ரொம்ப தூக்கி வச்சுப் பேசிட்டேனோ?

நவம்பர் 6, இரவு 11.55

தூக்கம் வரல, என் கட்சிக்கு எதிரான ஆட்டம்தான் ஞாபகம் வருது. சிங்கப்பூர், 2024 டிசம்பர் 12, பதினாலாவது ஆட்டம். இங்க ரேட்டிங் கம்மி டிங் லிரனுக்கு, நடப்பு சாம்பியனா இருந்தும். குகேஷுக்கு கறுப்பு, ஒரு பான் கூட, ஆனா டிரா ஆக வேண்டிய எண்ட்கேம். குகேஷ் விடல. மூவ் மேல மூவ், டிங் 55-வது மூவ்ல ரூக்கை எஃப்2-ல வச்சார், ரூக் போச்சு, பின்னாடியே பிஷப்பும் போச்சு, மிச்சம் இருந்த பான் எண்ட்கேம் தோல்வி. பெரிய ரேட்டிங் டிராவை மறுத்து உலக சாம்பியன் ஆச்சு.

ஆக மறுக்கறதே தப்புன்னு நான் சொல்ல முடியாது. ஒரு வித்தியாசம் கவனிங்க: குகேஷ் மறுத்தப்ப அவருக்கு ஆபத்தே இல்ல, ஒரு பான் கூட வச்சுக்கிட்டு சும்மா கேட்டுக்கிட்டே இருந்தார், பதில் சொல்ல வேண்டியது டிங்தான். கார்ல்சனும் என் சாரும் மறுத்தது தன் ராஜாவை, தன் பானை பணயம் வச்சு. ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், ஒண்ணு இல்ல.

(என் சாரும் டிங்கும் ஒரே மாதிரி ரூக்கை நீட்டித்தான் போனாங்கன்னு இப்பதான் உறைக்குது. என்னை குகேஷ் கூட சேர்த்துக்கிட்டதா நினைக்காதீங்க. நினைச்சாலும் பரவால்ல.)

நவம்பர் 7, காலை 8.10

நார்வே செஸ் 2025 பத்தி மூணு பேர். ஆமா, கார்ல்சன் மேசையைக் குத்தின ஆட்டம். அது என் கட்சிலயும் வராது, கேள்வி கேட்டவர் கட்சிலயும் வராது. அங்க கார்ல்சன் ஜெயிக்கற பொசிஷன்லயே இருந்தார், குகேஷ் தோத்துக்கிட்டுதான் இருந்தார், ஆனா கை குடுக்கல. ரெண்டு பேர்கிட்டயும் நேரம் இல்லாதப்ப திரும்பிடுச்சு. சின்னவன் ஜெயிக்கறதுக்கு இது இன்னொரு வழி, பேர் வைக்கணும்னா பிடிவாதம்.

நவம்பர் 8, இரவு 9.00

பொறி ஓபனிங் ஏதாவது சொல்லுங்க, பெரிய ஆளுங்களை வீழ்த்தறதுக்குன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார்.

தம்பி, ஆனந்தே விழுந்திருக்கார். 1988, பியல், எதிர்ல கொலம்பியாவோட சபாத்தா. பெட்ராஃப் டிஃபென்ஸ்ல கறுப்புக்கு அஞ்சாவது மூவ்ல பிஷப்பை எஃப்5-ல வச்சார், வெள்ளை குயினை இ2-ல வச்சதும் இ4-ல இருக்கற நைட் மாட்டிக்கிச்சு, பின்னாடி ராஜா, தப்பிக்க வழி இல்ல. ஆறே மூவ்ல ரிசைன். வேடிக்கை என்னன்னா, அந்த பிஷப் மூவ் முந்தின வருஷம் மைல்ஸ், கிறிஸ்டியன்சன்னு ரெண்டு கிராண்ட்மாஸ்டர் ஆட்டத்துல வந்து டிராவா முடிஞ்சிருந்துது, அதை நம்பி ஆடினதுதான். இந்த மாதிரி ஆட்டம்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அதனால அப்செட்னாலே பொறின்னு நினைச்சுக்கறோம். ஒரு ஓபன்ல போய் ரெண்டு நாள் நின்னு பாருங்க. அப்செட் ஆகற டேபிள் எல்லாம் ஹால் காலியான அப்பறமும் ஆடிக்கிட்டு இருக்கற டேபிளாத்தான் இருக்கும். பொறி வச்சு பெரிய ஆளை கவுக்கலாம்னு போனா, அந்தப் பொறி அவருக்கு உங்களை விட நல்லா தெரியும். ரூக் எண்ட்கேம் படிங்க. போர் அடிக்கும், படிங்க.

நவம்பர் 9, மாலை 5.25

"ஒரு தடவை ஜெயிச்சா லக்கு, தொடர்ந்து ஜெயிச்சாதான் திறமை"ன்னு கேள்வி கேட்டவரே திரும்ப வந்திருக்கார். நல்ல பாயின்ட், ஆனா மானுவல் ஆரோனை என்ன பண்ணுவீங்க? 1962 ஸ்டாக்ஹோம் இன்டர்சோனல் (உலக சாம்பியன்ஷிப்புக்கான தகுதிச் சுற்று), 23 பேர், அவருக்கு கடைசி இடம். அதே டோர்னமென்ட்ல போர்டிஷையும் ஊல்மனையும் ஜெயிச்சிருக்கார், ரெண்டு பேரும் அந்தக் காலத்து பெரிய கைங்க. அப்ப ஃபிடே எலோ ரேட்டிங்கே எடுத்துக்கல, 1970-லதான் எடுத்துக்கிட்டாங்க, அதனால பாயின்ட் வித்தியாசம் சொல்ல முடியாது, டேபிளைப் பார்த்தாலே போதும். கடைசி இடத்துக்காரர் போர்டிஷை ஜெயிச்சது லக்குன்னா, ஊல்மனை ஜெயிச்சதும் லக்கா? நான் அப்படி சொல்ல மாட்டேன். கடைசி இடம்ங்கறது எல்லா ஆட்டத்தோட கூட்டல், ஒரு ஆட்டம்ங்கறது அந்த ஒரு ஆட்டம்.

ஆர்பாட் எலோ இயற்பியல் வாத்தியார், அவரோட சிஸ்டம் நிறைய ஆட்டத்தோட சராசரிக்குத்தான் பொறுப்பு எடுத்துக்குது. நாளைக்கு பத்தாவது போர்டுல என்ன ஆகும்னு அதுகிட்ட கேக்கறது நம்ம தப்பு.

நவம்பர் 9, மாலை 6.10

இன்னொண்ணு, கணக்கா. 150 போர்டு ஓடற முதல் ரவுண்டு, ஒவ்வொண்ணுலயும் 400 வித்தியாசம்னு வைங்க. 150 பெருக்கல் .08, பன்னண்டு பாயின்ட் கீழ்பாதிக்கு வந்தாகணும். கொஞ்சம் ஜெயம், நிறைய டிரா. எந்த போர்டுன்னு தெரியாது, ஆனா வரும். வரலன்னாதான் ஆச்சரியம்.

நவம்பர் 11, இரவு 10.05

இத்தனை நாளா யாரும் தொடாத விஷயம்: ரேட்டிங் கம்மியா இருக்கறவன் நிஜமாவே கம்மியா ஆடறவன்தானா? பத்து வயசு பிள்ளை எதிர்ல உக்காந்தா நான் ரேட்டிங்கைப் பார்க்கறதே இல்ல. ரேட்டிங் நேத்தைய கதை, பிள்ளைங்க வாரத்துக்கு வாரம் வளர்றாங்க. 2025 ஆகஸ்ட்ல லிவர்பூல்ல பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப், போதனா சிவானந்தன் பத்து வயசுல கிராண்ட்மாஸ்டர் பீட்டர் வெல்ஸை கடைசி ரவுண்டுல ஜெயிச்சாங்க, கிராண்ட்மாஸ்டரை ஜெயிச்ச மிகச் சின்ன வயசு பெண்ணுன்னு ரெக்கார்ட். அதுக்கு முந்தின வருஷம் சிங்கப்பூர் பையன் அஷ்வத் கௌஷிக் எட்டு வயசுல ஒரு கிராண்ட்மாஸ்டரை ஜெயிச்சான். இதுல எது அப்செட், எது ரேட்டிங் லேட்டா வந்து சேர்ந்தது?

2024 மார்ச்ல ஃபிடே பண்ணதையும் சேர்த்துக்கங்க. 2000-க்குக் கீழ இருந்த எல்லாருக்கும் 2000-க்கு எவ்ளோ குறையுதோ அதுல 40 சதவீதம் ஒரே தடவையா ஏத்தினாங்க. 1200 இருந்தவர் 1520, 1700 இருந்தவர் 1820. அவங்களுக்குள்ள 500 இருந்தது ஒரே ராத்திரில 300. அதே ரெண்டு பேர், அதே மூளை. முதல் நாள் ஜெயிச்சிருந்தா பெரிய அப்செட், மறுநாள் ஜெயிச்சா சின்ன அப்செட். அதனாலதான் அந்த 8 சதவீதத்தை யாராவது கல்வெட்டு மாதிரி படிச்சா எனக்கு சிரிப்பு வருது.

நவம்பர் 12, காலை 6.50

சின்னவன் டிரா கேக்கலாமா, மரியாதைக் குறைவான்னு கேட்டவருக்கு: கேக்கலாம். மூவ் ஆடணும், கேக்கணும், கடிகாரத்தை அமுக்கணும், அந்த வரிசைல. ஒரு தடவை. அஞ்சு மூவுக்கு ஒரு தடவை கேட்டுக்கிட்டே இருந்தா எதிராளியை தொந்தரவு பண்றதா ஆர்பிட்டர் (நடுவர்) எடுத்துக்கலாம். மூணு தடவை ஒரே பொசிஷன்னு கிளெய்ம் பண்ணணும்னா மூவை ஆடாதீங்க, ஷீட்ல எழுதி, ஆர்பிட்டரைக் கூப்பிட்டு சொல்லுங்க. ஆடிட்டு கூப்பிட்டா உரிமை போச்சு. நல்லா ஆடற பசங்களே இதுல கோட்டை விட்டு பார்த்திருக்கேன்.

நான் கேட்பேனா? 400 கூட இருக்கறவர்கிட்ட கேக்க மாட்டேன். மரியாதைக்காக இல்ல. கேட்டா அவர் முழிச்சுக்குவார்.

நவம்பர் 14, இரவு 8.35

கேள்வி கேட்டவர் கடைசியா: "சரி, லக்கு இல்லன்னே வச்சுப்போம். ஆனா கிராண்ட்மாஸ்டருக்கு கே 10 தானே, டிரா பண்ணா என்ன பெரிய நஷ்டம்?" 400 வித்தியாசத்துல 4.2. நமக்கு கம்மியா தெரியும். அவர் ஜெயிச்சா வர்றது 0.8-ங்கறதையும் சேர்த்துப் பாருங்க. வித்தியாசம் 700 இருந்தாலும் 400-னுதான் எடுத்துப்பாங்க, அதனால அந்த 0.8-ஆவது உறுதி. 2650-க்கு மேல இருக்கறவங்களுக்கு மட்டும் 2025 அக்டோபர்ல இருந்து அந்த சலுகையும் இல்ல.

எதிர்ல பதினெட்டு வயசு ஆகாத பையன்னா அவனுக்கு கே 40, 2300-ஐத் தொடற வரைக்கும். அவன் கிராண்ட்மாஸ்டரை ஜெயிச்சா 36.8 ஏறும், கிராண்ட்மாஸ்டருக்கு 9.2 இறங்கும். ஒருத்தர் பையிலேர்ந்து எடுத்து இன்னொருத்தர் பையில போடறதுன்னு நினைச்சுட்டு இருந்தவங்க அந்த மிச்ச 27.6 எங்கேர்ந்து வந்துச்சுன்னு யோசிங்க, அதுக்கு தனி இழை ஆரம்பிக்கலாம், நான் ஆரம்பிக்க மாட்டேன்.

என் ஆட்டத்தோட நோட்டேஷன் கேட்ட ரெண்டு பேருக்கு: முதல் 25 மூவ் தெளிவா இருக்கு, அனுப்பறேன். அதுக்கு அப்பறம் எழுதினது ஆர்பிட்டருக்கே புரிஞ்சிருக்காது.